பச்சை வெளிச்சத்து ஊர்

செல்லாயி அந்தக் கம்ப்யூட்டருக்கு வைத்த பெயர் சக்களத்தி. விளையாட்டுக்கு வைத்த பெயர் இல்லை, வயிற்றெரிச்சலோடு வைத்தது. வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு, கட்டிய பெண்டாட்டியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருத்தன் நேரே போய் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால், அவளும் வேறு என்னதான் பெயர் வைப்பாள்? சண்டை போட்டுப் பார்த்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். ஐயாவு எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினான். ம் கொட்டுகிறவனிடம் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கு நிற்பது? அவள் பாட்டுக்குப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். ஈப்போ டவுனில், புந்தோங் பக்கம், அந்தச் சின்ன வீட்டின் ஒரே கூடத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மிஷினோடு முதுகைக் காட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு மிஷினும் நின்றால் ஓட்டில் விழுகிற மழைச் சத்தம்தான் மிச்சம்.

ஐயாவுவைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடி கிடையாது, குதிரைப் பந்தயம் கிடையாது. பேச்சு வராது, அவ்வளவுதான். கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டுகிற லம்பம் ஒன்றில், ஸ்டோர் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவன். ஈய விலை விழுந்ததும் லம்பத்தை மூடினார்கள். ஆபீஸ் சாமான்களை அள்ளிக் கொண்டுபோனவர்கள் மேசை நாற்காலியை எடுத்தார்கள், விசிறியை எடுத்தார்கள், சுவர்க் கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டர் மட்டும் அனாதையாகக் கிடந்தன. அவற்றைச் செய்த கம்பெனியே அதற்கு முன்னால் மூடிவிட்டிருந்தது. அவற்றில் ஓடிய சி.பி.எம். என்கிற சிஸ்டத்தை உலகம் கைகழுவிவிட்டுப் புதிய சிஸ்டத்துக்குப் போய்விட்டது. வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றை ஐயாவு தூக்கிக்கொண்டான். இன்னொன்றை, லம்பத்து ஆபீசுக்குத் தினமும் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்த ஜைனுலாப்தீன் பாய் எடுத்துக்கொண்டார்.

இப்போது ஐயாவுக்கு சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி கம்பெனியில் வேலை. அங்கே இருப்பது புதிய சிஸ்டம். பகல் முழுக்க அதோடு குப்பை கொட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஈப்போ திரும்பி, தன் பழையதை முடுக்குவான். டிஸ்கட் கர் கர் என்று சுற்றும். கறுப்புத் திரையில் பச்சையாக A என்று ஓர் எழுத்து வரும், பக்கத்தில் ஓர் அம்புக்குறி வரும், அதற்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கு மினுக்கென்று துடிக்கும். அதோடு சரி. வாங்க என்று சொல்லாது, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லாது. சும்மா காத்திருக்கும். உனக்கு என்ன வேண்டும் என்று அது தன்னைக் கேட்பதாக ஐயாவுக்குத் தோன்றும். பிறந்த ரப்பர் தோட்டத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. லம்பத்தில் கேட்டதில்லை. லோரி கம்பெனியில் கேட்கப்போவதும் இல்லை. சில சாயங்காலம் எதையும் தட்டாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மனசு அப்படியே பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

சில நாள் தானே எழுதிய புரோகிராம் ஒன்றை ஓட விடுவான். திரையின் உச்சியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சொட்டிக் கீழே வந்து மறையும். வெளியே ஈப்போ மழை, உள்ளே பச்சை மழை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தூங்கியும் போவான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு மட்டும் பிடித்தது என்று சொன்னால் பாவம். பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சின்னக் கூட்டமே கூடியது. தெலுக் இந்தானிலிருந்து ஜெயபாலன் என்று ஒருவர், தன் மிஷினின் கீபோர்டைக் கைலிச் சாரத்தில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புதிய சிஸ்டத்துக்குப் போய் இதைத் தலைமுழுகினார்கள். ஜெயபாலனும்தான் போனார். கடைசியில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். பாய் தன் மிஷினில் தொழுகை நேரத்தைக் கணக்குப் போடுகிற புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார். ஈப்போவில் இன்று சூரியன் எப்போது சாயும் என்று அது சொல்லும். வானொலியில் சொல்கிற நேரமும் தன் மிஷின் சொல்கிற நேரமும் ஒத்துப்போனால் அன்றைக்கு முழுக்க மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது.

அடுக்களை ஆவி சும்மா இருக்குமா? பாயின் டிஸ்கட்டுகள் அத்தனையிலும் பூசணம் பூத்துவிட்டது. உயிரோடு மிஞ்சியவை ஐயாவு வீட்டில் பிஸ்கட் டின்னில் இருந்தவை மட்டும். டின்னின் அடியில் வறுத்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் காகித உறை போட்டு அடுக்கியிருந்தான். ஈரத்தை அரிசி குடித்துவிடும். அவற்றில் ஒன்றுக்குத் தாய் டிஸ்க் என்று பெயர். அதைத் தினசரி மிஷினில் போட்டு ஓட்டக் கூடாது. அதிலிருந்து நகல் எடுக்கலாம், அவ்வளவுதான். சிஸ்டத்தின் உயிரும், பாயின் தொழுகை நேரப் புரோகிராமின் நகலும் அதில் இருந்தன. போனால் வாங்குவதற்கு ஊரில் கடை இல்லை, உலகத்திலேயே இல்லை. சரஸ்வதி பூஜை முடிந்த பிறகு வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று பாய் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம், எண்பத்தேழில், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் செல்லாயி தன் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பாமலே சொன்னாள்.

“உங்க மிஷினுக்கும் ஒரு பொட்டு வைக்கலாம்லா. அதுவும் நம்ம வீட்டுச் சோத்தைத்தானே தின்னுது.”

ஐயாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. சக்களத்தி என்று அவள் சொல்லவில்லை, உங்க மிஷின் என்று சொன்னாள். வைக்கலாம், வைக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னான். அவன் ஒன்றை இரண்டு தடவை சொல்வதே அபூர்வம். மறுநாள் காலையில் லோரி கம்பெனிக்குப் போகும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனான். எதிரே வந்த லோரிக்காரன் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்பிராணிப் புகை கூடத்தை நிறைத்திருந்தது. சரஸ்வதி படத்துக்கு மல்லிகைச் சரம், தையல் மிஷினுக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, கம்ப்யூட்டரின் நெற்றியில் பெரிய பொட்டு. படத்துக்கு முன்னால் ஒரு தலைவாழை இலை. அந்த இலையில், காகித உறைகளிலிருந்து வெளியே எடுத்து, ஈரத் துணியால் பதவிசாகத் துடைத்து, வரிசையாகப் பரப்பி வைத்த டிஸ்கட்டுகள், தாய் டிஸ்க் உட்பட.

டிஸ்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புச் சட்டை மாட்டிய சதுரம். உள்ளே கண்ணாடித்தாள் கனத்தில் ஒரு பழுப்பு வட்டம். சட்டையில் ஓரிடத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். மிஷின் அந்தத் திறப்பு வழியாகத்தான் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும். விரல்கூடப் படக்கூடாத இடம். செல்லாயிக்கு அது நெற்றி மாதிரி தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நெற்றியிலும், அரைத்த சந்தனத்தைத் தொட்டு ஒரு வட்டம், அதன் நடுவில் குங்குமம். அளவெடுத்து வைத்த மாதிரி அவ்வளவு அழகாக வைத்திருந்தாள்.

ஐயாவு இலையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். வாய்வரைக்கும் ஒரு கத்தல் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதுசில் பார்த்த முகம் அது. அப்புறம் எங்கே போயிற்று என்று அவனும் தேடவில்லை, அவளும் காட்டவில்லை. ஐயாவு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

“நல்லா இருக்கு,” என்றான்.

கும்பிட்ட கையோடு டிஸ்கட்டை எடுத்துத் துடைத்துவிடலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. பூஜையில் வைத்த ஏட்டையும் கருவியையும் மறுநாள் விஜயதசமிக்கு முன்னால் தொடக் கூடாது. செல்லாயி விடமாட்டாள். விடிகிறவரைக்கும் சந்தனம் காய்ந்து இறுகிக்கொண்டே இருந்தது. அவன் பாயில் படுத்துக்கொண்டு, அது இறுகுகிற சத்தம் கேட்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான்.

விஜயதசமி காலையில் அவளே ஒரு டிஸ்கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவன் கையில் கொடுத்தாள். நல்ல நேரம் போவதற்குள் ஆரம்பியுங்கள் என்றாள். ஐயாவு வேட்டி நுனியால் பொட்டைத் துடைத்தான். மேலே இருந்தது உதிர்ந்தது, வட்டத்தில் படிந்தது போகவில்லை. மிஷினில் போட்டான். கர் கர் என்கிற சத்தம் வரவில்லை. மண்ணை அரைப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. திரையில் A வரவில்லை. சிஸ்டம் இல்லாமல் முடுக்கினால் அந்த மிஷின் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி போடும். டிஸ்கட்டைப் போடு என்று அர்த்தம். அந்த வரி வந்து நின்றது.

“ஓடுதா?” என்று செல்லாயி கேட்டாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், வாக்கியம் தெரியாது.

“ஓடுது,” என்றான் ஐயாவு.

அவள் பஸ் பிடித்துத் தான் வேலை பார்க்கிற துணி பேக்டரிக்குப் போனதும் மிச்சத்தை எல்லாம் போட்டுப் பார்த்தான். எல்லாம் அதே கதி. படிக்கும் முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துப் போட்டான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. தாய் டிஸ்க்கை மட்டும் போடவில்லை. காய்ந்த சந்தனத்தோடு போட்டால் அதுவும் கீறிக்கொண்டு போகும். அதை உறையில் போட்டு டின்னில் வைத்து மூடினான். செத்தது செத்ததுதான். ஆனால் செல்லாயி கையால் செத்தது என்று செல்லாயிக்குத் தெரியக் கூடாது. அவ்வளவு ஆசையாக வைத்த பொட்டு. அதுதான் கொன்றது என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள், அந்த முகம் மறுபடி காணாமல் போய்விடும்.

அதனால் அன்று சாயங்காலமும் வழக்கம்போல் மிஷினை முடுக்கினான். டிஸ்கட்டைப் போடு என்கிற அந்த ஒற்றை வரிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாத சாவிகளைத் தட்டினான். கேலிக்கூத்துதான், வேறென்ன செய்வது?

செல்லாயியோ பூஜைக்குப் பிறகு மிஷினோடு உறவு கொண்டாட ஆரம்பித்திருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னா எழுதியிருக்கு?”

ஐயாவு சாவிகளிலிருந்து கையை எடுத்தான். பச்சை வரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் கன்னத்தில் அந்தப் பச்சை லேசாகப் படிந்திருந்தது.

“ஒரு ஊரைப் பத்தி எழுதியிருக்கு,” என்றான்.

எந்த ஊர் என்று கேட்டாள். பேர் போடவில்லை என்றான். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைக்குள்ளே என்றான். சொல்லிவிட்ட பிறகு அவனுக்கே திகைப்பாக இருந்தது. மலைக்குள்ளே ஒரு பெரிய குட்டை. குகை வழியாகப் படகில்தான் போக வேண்டும். உள்ளே சூரியன் கிடையாது. ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தாமாகப் பேச மாட்டார்கள். யாராவது கேட்டால் பேசுவார்கள். ஒரு வார்த்தை கேட்டால் போதும், நாள் முழுக்கப் பதில் சொல்வார்கள்.

“உங்களை மாதிரி ஆளுங்க போல,” என்றாள் செல்லாயி.

மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அங்கே என்ன சமைப்பார்கள் என்று கேட்டாள். என்ன உடுத்துவார்கள் என்று கேட்டு, அவன் சிவப்புச் சேலை என்று சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தாள். பச்சை வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், வெள்ளை உடுத்தச் சொல்லுங்கள் என்றாள். துணியோடு புழங்குகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அந்த ஊரே வெள்ளை உடுத்தியது. நடந்தால் ஆட்களே தெரியாமல் வெளிச்சம் நடப்பதுபோல் இருக்கும் என்று ஐயாவு சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

படகுகளுக்குப் பாய் தைக்கிற பெண் ஒருத்தி அந்த ஊரில் வந்தாள். அவளுக்கு வீரம்மா என்று பெயர் வைத்தது செல்லாயிதான். குட்டைத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வீரம்மாவுக்கு ஆசை. கேட்டால் பதில் சொல்கிற ஊரில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாருக்கும் பதில் தெரியவில்லை. தானே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு பெரிய பாய் தைத்தாள். அதை எப்படித் தைத்தாள், எந்தத் தையல் போட்டாள் என்பதை எல்லாம் செல்லாயி சொன்னாள், ஐயாவு ம் கொட்டினான். அந்த ம் வேறு மாதிரி ம். கேட்கிற ம்.

லோரி கம்பெனியில் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே, இன்று சாயங்காலம் அந்த ஊரில் என்ன நடக்கும் என்று யோசிப்பான். மழையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். தையல் மிஷின் மூடிக் கிடக்கும். அவனுக்கு நாற்காலி, அவளுக்கு நாற்காலி. பேச்சு வராதவன் என்று ஊரே முத்திரை குத்திய மனுஷன், தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசினான். சந்தோஷமாக இருந்தான் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. திரையில் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறோம், இது எத்தனை நாளைக்கு? அவளுக்குத் தெரிந்துவிட்டால் சிஸ்டம் மட்டுமா போகும்? பக்கத்து நாற்காலியும் அல்லவா போய்விடும்? ஒரு விடியற்காலையில் கனவு கண்டான். குட்டையில் டிஸ்கட்டின் பழுப்பு வட்டங்கள் சட்டை இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. வீரம்மா குனிந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். விழித்ததும், தண்ணீர் பட்டால் டிஸ்க் செத்துவிடும் என்று பாய் ஓதிய முதல் பாடத்தை நினைத்துக்கொண்டு முகம் கழுவப் போனான்.

பாய்க்குச் சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிறு காய்ச்சல் என்றான், ஒரு ஞாயிறு லோரி வேலை என்றான். பாய் எத்தனை ஞாயிறுதான் நம்புவார்? மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புது டிஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வாங்க என்று சொல்வதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டார். டின்னைத் திறந்தும்விட்டார். ஐயாவு கண்ணைக் காட்டினான், கையைக் காட்டினான். பாய் பார்க்கவில்லை. தாய் டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

“அலமாக்! இதுல யாருப்பா சந்தனத்தைப் பூசினது? மொத்தமும் போச்சே, ஐயாவு. சிஸ்டமே போச்சேப்பா.”

செல்லாயி அடுக்களை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தாள். கோப்பையைக் கீழே போடவில்லை. மெதுவாக மேசைமேல் வைத்தாள். என்ன போயிற்று என்று பாயைக் கேட்டாள். பாய்க்கு அப்போதுதான் புரிந்தது. அவள் விடவில்லை. சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே என்று கேட்கக் கேட்க, அவரும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்தத் திறப்பில் எதுவும் படக்கூடாது தங்கச்சி, பட்டால் மிஷின் படிக்காது, இது இல்லாவிட்டால் மிஷின் வெறும் பெட்டி.

செல்லாயி திரும்பி ஐயாவுவைப் பார்த்தாள்.

“அன்னிக்கே கெட்டு ரோசாக் ஆயிருச்சா?”

ஐயாவு தலையை ஆட்டினான்.

“அப்ப நீங்க எனக்குப் படிச்சுச் சொன்னதெல்லாம்?”

அவள் கண் நிறைந்துவிட்டது.

“கெடுத்தது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னா தாங்க மாட்டேன்னு நெனைச்சீங்களா? உங்க சாமானை நான் கெடுத்துட்டு, ஒண்ணும் தெரியாத சிறுக்கி மாதிரி பக்கத்துல உக்காந்து கதை கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள். இதுபோல் அவனைத் துளைத்தது எதுவும் இல்லை. ஐயாவு எழுந்தான். என்ன செய்கிறோம் என்று முழுசாகத் தெரியாமலே தாய் டிஸ்க்கைப் பாயின் கையிலிருந்து வாங்கினான்.

“கழுவிப் பாப்போம்,” என்றான். “எனக்குத் தனியா முடியாது. நீ வா.”

பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். தண்ணியிலயா, உனக்கு என்ன பைத்தியமா என்றார். எப்படியும் போனதுதானே பாய் என்றான் ஐயாவு. பாய் விரித்த கையை இறக்கினார். இதைக் கண்ணால் பார்க்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, பின்வாசலுக்கு வந்து முதல் வரிசையில் நின்று பார்த்தார்.

பைப்புத் தண்ணீர் வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் கறை விடும் என்று செல்லாயி மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பீப்பாயிலிருந்து பேசினில் மொண்டு வைத்தாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் கறுப்புச் சட்டையின் ஓரத்தைக் கிழித்தாள். ஐயாவு விளிம்பை மட்டும் பிடித்து வட்டத்தை வெளியே இழுத்தான். பேக்டரியிலிருந்து கொண்டுவந்த பனியன் துணியில், நூல் விடாததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு, அவள் வட்டத்தைத் தடவினாள். காய்ந்த சந்தனம் இளகி, மஞ்சள் இழையாகப் பிரிந்து தண்ணீரில் போயிற்று. இரண்டு பேருடைய விரலும் தண்ணீருக்குள் இடித்துக்கொண்டன. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேகம் விலகி வெயில் வந்து பேசினுக்குள் இறங்கியது. அந்தப் பழுப்பு வட்டத்தில் வானம் தெரிந்தது, கூரை ஓரம் தெரிந்தது, குனிந்திருந்த இரண்டு தலையும் தெரிந்தன.

நூல்கண்டுக் கூம்பின்மேல் வட்டத்தைச் செருகி நிழலில் காய வைத்தார்கள். கீறிப்போன டிஸ்கட் ஒன்றின் சட்டையைக் கிழித்துச் சுத்தம் செய்து, இதற்கு மாட்டினார்கள். ஐயாவு மிஷினில் போட்டான். பாய் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

கர் கர் என்று சுற்றியது. ஒரு தரம் தடுமாறியது. மறுபடி சுற்றியது. பிறகு திரையில் A வந்தது.

பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே ஐயாவுவைக் கட்டிப்பிடித்தார், விட்டுவிட்டு மறுபடி கட்டிப்பிடித்தார். இருக்கிற புது டிஸ்கட்டுகளில் எல்லாம் நகல் எடுத்தார்கள். பாய் தன் தொழுகை நேரப் புரோகிராமை ஓடவிட்டு, திரையில் வந்த நேரத்தைப் பார்த்துப் பதறிப்போய், நேரமாச்சே என்று பாதி டிஸ்கட்டுகளை வாரிக்கொண்டு ஓடினார். போகும்போது, தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீடு அமைதியானது. செல்லாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

“இதுதானா?”

“இதுதான்,” என்றான் ஐயாவு. பெருமையாகத்தான் சொன்னான். டிஸ்கட்டில் இருப்பதையெல்லாம் காட்டு என்று ஒரு கட்டளையைத் தட்டினான். பெயர்கள் பச்சைப் பச்சையாக இறங்கி வந்தன. அவள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அம்புக்குறி மறுபடி வந்து நின்றது, கட்டம் துடித்தது.

“நேத்து வீரம்மா படகுல ஏறினாளே,” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. “அப்புறம் எங்கே போனா?”

ஐயாவு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எதிரே அந்த எழுத்து காத்துக்கொண்டிருந்தது. அத்தனை சாயங்காலமும் எதற்காக ஏங்கினானோ, அது வந்துவிட்டது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவன் பழைய ஐயாவு ஆகிவிட்டான். மலை இல்லை, குட்டை இல்லை, படகு இல்லை.

“ம்,” என்றான்.

அந்த ம்மை அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியது. பிறகு, ஓடுதுல்ல, அது போதும் என்று சொல்லிக்கொண்டு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். தையல் மிஷின் பக்கம் திரும்பினாள்.

ஐயாவு அவள் முதுகைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கையை நீட்டி டிஸ்கட்டை மிஷினிலிருந்து உருவினான். பின்பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். எழுத்தெல்லாம் அழிந்து திரை கறுத்தது. ஒரு நொடி கழித்து, டிஸ்கட்டைப் போடு என்கிற அந்த ஒற்றைப் பச்சை வரி வந்து நின்றது.

“குகைக்குள்ள காத்தே இல்லை,” என்றான். “படகுப் பாய் தொங்கிப்போச்சு. படகு நின்னுருச்சு. வீரம்மா என்னா செய்யறதுன்னு தெரியாம உக்காந்திருக்கா.”

செல்லாயி திரும்பி வந்து நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

“துடுப்பு எடுத்துட்டுப் போகலியா அவ?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.